பேனருக்கு எந்தக் கவிதை?

“இதுல சாவு எங்கடா இருக்கு?”

மணிமாறன் தம்பியின் செல்போனைத் திருப்பிக் கொடுத்தான். அம்மாவின் காரியத்துக்கு பேனர் கட்ட வேண்டும். திண்டிவனத்து பிளக்ஸ் கடைக்காரர் மதியத்துக்குள் கவிதையை அனுப்பச் சொல்லியிருந்தார். அண்ணன் ஒன்று எழுதியிருந்தான், தம்பி ஒன்று. பேனரில் ஒன்றுக்குத்தான் இடம்.

தம்பி தென்னரசு எழுதியது இவ்வளவுதான்:

மல்லாட்டைக் கொல்லையில் களை எடுத்தாள்.
பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சோறு போட்டாள்.
யார் வீட்டு அழுகைக்கும் முதல் ஆளாய்ப் போனாள்.
இப்படித்தான் இருந்தாள்.

“இது கவிதையா, நூறு நாள் வேலை அட்டெண்டன்ஸா?”

வந்திருந்த சொந்தங்கள் சிரித்தார்கள். தென்னரசும் சிரித்தான்.

“அம்மா வாழ்ந்தத எழுதுனேண்ணா. சாவப் பத்தி எனக்கு இன்னா தெரியும்?”

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் அம்மாவோடு கிடந்தவன் பேசுகிற பேச்சா இது? எரித்த அன்றுகூட இவன் கண் கலங்கவில்லை. பந்தல்காரனோடு ஏதோ பேசிக்கொண்டு நின்றான்.

“மணி, நீ உன்னுதப் படி,” என்றார் தாய்மாமன் சுப்பராயலு.

மணிமாறன் எழுந்து நின்று படித்தான்.

மரணமே, நீ திருடன் இல்லை;
தாமதமாய் வந்த விருந்தாளி.
கடைசி மூச்சில் என் பெயர் சொன்ன உதடுகளை
உன்னிடம் விட்டுவிட்டு நிற்கிறேன்.

குரல் உடைந்துவிட்டது. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று சென்னையிலேயே கடைசி வாரத்தை ஓட்டிவிட்டவன் அவன். ‘அம்மா உன் பேரச் சொல்லிக்கினேதாண்ணா போச்சு’ என்று தம்பி போனில் சொன்னான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஊர் வந்து சேர்ந்தான். இன்றுவரை தூங்குவதும் அதைப் பிடித்துக்கொண்டுதான்.

மாமா துண்டால் கண்ணைத் துடைத்தார். “இதுதாண்டா கவிதை. தென்னரசு, ஜல்தியா அனுப்பு.”

தென்னரசு அண்ணன் கவிதையை அனுப்பினான்.

கை கழுவ மணிமாறன் பின்பக்கம் போனான். பக்கத்து வீட்டு கோவிந்தம்மாள் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் துணையாக இருந்தவள்.

“பாட்டு நல்லா இருந்திச்சு மணி. ஆனா அக்கா உன் பேரச் சொல்லிச்சுன்னு எழுதிக்கிறியே. தொண்டையில டியூப் போட்டதுலேர்ந்து அதுக்குப் பேச்சே இல்லியேப்பா.”

மணிமாறன் திரும்பினான். தண்ணீர்க் குடத்தோடு தென்னரசு பின்னால் நின்றிருந்தான்.

“உயிர் போறப்ப சொல்லிச்சு சித்தி,” என்றான் அவசரமாக. “நீங்க டீ வாங்கப் போயிருந்தீங்க.”

“டீயா?” கோவிந்தம்மாள் அவனையே பார்த்தாள். “டீ வாங்கப் போனது நீயில்ல? உயிர் போறப்ப அக்கா கையப் புடிச்சிக்கினு இருந்தது நாந்தானேப்பா.”