முதலாளி எழுதிய பட்டியல்

"உயிரோட இருக்கிற மனுஷனைச் செத்தவங்க பூசையில எப்படிச் சாமி சேர்ப்பீங்க?"

பஞ்சாலைக்குள் இருந்த மாதா கோயிலின் பின்னறையில் பூசை உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்த சாமியார் திரும்பினார். வாசலில் நூல் சுற்றும் பிரிவுப் பெண் ஒருத்தி மூச்சிரைக்க நின்றிருந்தாள்.

"யாரைம்மா சொல்றே?"

"என் வீட்டுக்காரரைத்தான். பக்கத்துல முட்டி போட்டிருந்த மனுஷன் தன் பேரைக் கேட்டு வெலவெலத்துப் போயிட்டாரு."

"அதே பேர்ல வேற யாராவது..."

"தகப்பன் பேரு, பஞ்சுக்கூடம், டோக்கன் நம்பர் எல்லாம் சேர்த்துத்தானே வாசிச்சீங்க? ஏற்கெனவே ராத்திரி பூரா இருமிட்டே கிடக்காரு. போன மாசம் முதலாளி வச்ச டாக்டர் நெஞ்சைப் பார்த்துட்டு, 'ஒன்னுமில்ல, வேலைக்குப் போ'ன்னாரு. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் தினம் அனுப்பிட்டு இருக்கேன்."

"முதலாளியைக் குறை சொல்லாதேம்மா. கோயில் கட்டினாரு, ஆஸ்பத்திரி கட்டினாரு. செத்த தொழிலாளிக்காகத் தன் கையால பேர் எழுதிப் பூசை கேட்கிற முதலாளி வேற எங்கே இருக்காரு?"

"கோயிலுக்குக் கலர் கண்ணாடி ஜன்னல் வைக்கிறவரு, பஞ்சுக்கூடத்துத் தூசி வெளியே போக ஒரு ஓட்டை ஜன்னல் வைக்கக் கூடாதா? நாலு வருஷமாக் கேக்குறோம். அது மட்டும் அவர் காதுல ஏறாது."

சாமியார் மேசைக்குப் போனார். முதலாளி அனுப்பிய உறையை எடுத்துப் பிரித்தார். உள்ளே இன்னொரு தாள் இருந்தது. பூசையில் வாசித்த தாளையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"தப்பு என்னோடதும்மா. அவசரத்துல தாளை மாத்தி எடுத்துட்டேன்."

அவளுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. "அதானே பார்த்தேன். நோயாளிங்களுக்காக வேண்டிக்கச் சொல்லி எழுதினதா? பாவம், நல்ல மனுஷரைப் போய் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். அதை இப்படிக் குடுங்க சாமி. அவர்கிட்ட காட்டினாத்தான் நம்புவாரு."

"வேண்டாம்மா. நானே வந்து சொல்றேன்."

பூசையில் வாசித்த அந்தத் தாளை அவர் மடிப்பதற்குள் அவள் வாங்கிவிட்டாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். பதினோரு பேர், எல்லாரும் பஞ்சுக்கூடம். மேலே முதலாளியின் முத்து முத்தான கையெழுத்து:

"இறந்தோர் பூசை, அடுத்த வருடத்துக்கு. டாக்டரின் கணிப்புப்படி."