வீடு பார்க்க வந்தவர்கள்

ஐந்தரைக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். குக்கர் வைத்தேன். மகள் மதுராவின் சீருடையை இஸ்திரி போட்டேன், தலை பின்னினேன், ஏழே முக்காலுக்கு வேனில் ஏற்றிவிட்டேன். பத்து மணிக்கு, அம்மா எனக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் அக்காவும் அவள் கணவரும் வீடு பார்க்க வந்தார்கள்.

"காலைல யாரு சமைக்கிறாங்க?" என்று அக்கா கேட்டாள்.

"இவன்தாம்மா" என்றாள் என் அம்மா. "ஆறே மாசத்துல பாதியா இளைச்சுட்டான். ஆம்பளைக்கு இதெல்லாம் முடியுமா?"

"மொத சம்சாரம் வேலைக்குப் போனாங்களா?"

"போனா. வந்து வீட்டையும் பாத்தா. சுகிர்தா உக்காந்து நான் பாத்ததே இல்ல." அம்மா பெருமையாகத்தான் சொன்னாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாகும்போதுகூட, 'அத்தே, இவருக்கு ஒரு கல்யாணம் பண்ணி வையுங்க'ன்னுதான் சொன்னா."

அக்கா என்னைப் பார்த்தாள். "அப்படியா சொன்னாங்க?"

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். நான் தலையாட்டினால் போதும், தை மாதத்தில் இன்னொருத்தி இந்த வீட்டுக்கு வந்துவிடுவாள்.

"இல்லைங்க. அவ போன அன்னிக்கு அம்மா இங்க இல்ல, ஊர்ல இருந்தாங்க" என்றேன்.

அன்று வேனை அனுப்பிவிட்டு வந்து சுகிர்தா ஆபீஸ் புடவையோடு கட்டிலில் சாய்ந்தாள். சாக்ஸைக் காணோம் என்று ஹாலிலிருந்து நான்கு முறை கூப்பிட்டேன். பதில் வராத கோபத்தில்தான் எழுந்து போய்ப் பார்த்தேன். உடம்பில் சூடு மட்டும் மிச்சமிருந்தது. சாய்வதற்கு முன் அவள் சொன்னதை அந்த அக்காவிடம் அப்படியே சொன்னேன்.

"பத்து நிமிஷம் படுத்துக்கறேன். யாரும் என்னைக் கூப்பிடாதீங்க."