புகையாத கூரை

“இன்னிக்கும் அவன் வீட்டுல ஒரு பொட்டுப் புகை இல்ல, பாத்தியா?”

ஜன்னலோரம் நின்று பல்லைக் கடித்தான் ஹால்வர். வெளியே முழங்கால் அளவு பனி. பக்கத்து வீட்டு எய்லிஃபின் புகைபோக்கி துடைத்துவிட்டது போல் இருந்தது. நன்றாகக் காய்ந்த விறகும் தேர்ந்த கையும் சேர்ந்தால்தான் வீட்டைச் சூடாக்கும் கணப்படுப்பு இப்படிப் புகையாமல் எரியும்.

போதாததற்கு, ஊரிலேயே அழகான விறகு அடுக்கு என்று இந்த வருடம் முதல் பரிசும் அவனுக்குத்தான். ஹால்வருக்கு இரண்டாவது.

“நம்ம வீடு ரயில் எஞ்சினாட்டம் புகையுது. அவரு கைப்பக்குவம் யாருக்கு வரும்?” என்றாள் மனைவி டோர்டிஸ்.

ஹால்வருக்குச் சுருக்கென்றது. புகை குறையட்டும் என்று தன் அடுப்பில் கட்டைகளின் உச்சியில் சுள்ளி வைத்துப் பற்றவைத்தான். காற்றுத் திறப்பை முழுக்கத் திறந்தான். அப்போதும் புகைந்தது.

“வீறாப்பு பாக்காம போய்க் கேட்டுட்டு வாய்யா.”

வேறு வழியின்றிப் போய்க் கதவைத் தட்டினான். எய்லிஃப் கோட்டு, கம்பளித் தொப்பி, கையுறையோடு வந்து திறந்தான்.

“எங்கயோ கிளம்பிட்ட போல?”

“இல்லியே, உள்ள வா.” எய்லிஃபின் பற்கள் தந்தியடித்தன.

ஹால்வர் அடுப்பைத் தொட்டுப் பார்த்தான். ஐஸ் கட்டியாக இருந்தது.

“ஏன்யா, மலை மாதிரி விறகை வச்சுக்கிட்டு நீ பத்தவைக்கவே இல்லியா?”

எய்லிஃப் ஜன்னல் வழியே தன் விறகு அடுக்கை ஆசையாகப் பார்த்தான்.

“பரிசு வாங்கின அடுக்குலேர்ந்து ஒரு கட்டையை உருவ எப்படிய்யா மனசு வரும்?” என்று பெருமூச்சு விட்டான். “நீ கொடுத்து வச்சவன். ரெண்டாவது பரிசோட தப்பிச்சுட்ட.”