நீலம் காய்வதற்குள்

பொம்மை விமானத்தின் வாலுக்கு நீலம் பூசிக்கொண்டிருந்தான்.

மெதுவாக. எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக.

"அப்பா, எங்கிட்ட தாங்க. நீங்க ரொம்ப ஸ்லோ."

சுடர் தூரிகையைப் பிடுங்கிக்கொண்டாள். ஏழு வயது. நாக்கை உதட்டோரம் நீட்டியபடி இறக்கையில் ஒரே இழுப்பாகப் பட்டை இழுத்தாள். நடுங்காத கை. அவள் அம்மாவின் கை.

குடும்ப நீதிமன்றத்தின் சந்திப்பு அறை. சனிக்கிழமை காலைகளில் மகள் அவனுக்கு இங்கேதான் கிடைத்தாள். சுவரில் சாயம் போன முயல்கள். வாசலருகே மேஜை போட்டு, நேரம் பார்ப்பதற்கென்று சுலோச்சனா மேடம்.

இன்று கடைசிச் சனிக்கிழமை.

திங்களன்று அவள் அம்மாவோடு மெல்போர்ன் போகிறாள். அம்மாவுக்கு அங்கே வேலை. நீதிமன்றம் சம்மதித்துவிட்டது. இனி அவனுக்கு வீடியோ கால்தான்.

உத்தரவு வந்த அன்று நேராகப் பொம்மைக் கடைக்குத்தான் போனான். புதிதாகச் செய்து பழகுகிறவர்களுக்கான மாதிரி விமானங்களில் ஆகப் பெரிய பெட்டியைக் கேட்டு வாங்கினான். பெரியதென்றால் நாளாகும். பாதியில் நிற்பதை விட்டுவிட்டு யாரும் கிளம்பிப் போக மாட்டார்கள்.

அப்படி நம்பினான். வேறு எதையும் நம்ப முடியவில்லை.

ஆனால் சுடர் வேகமாக இருந்தாள். படத்தை ஒரு பார்வை பார்ப்பாள். பாகத்தைத் திருகி எடுப்பாள். பசை தடவுவாள். ஒட்டிவிடும்.

"நாங்க போற பிளேன் இதைவிடப் பெருசாப்பா?"

"ரொம்பப் பெருசு."

"அப்ப உங்களுக்கும் எடம் இருக்கும்ல?"

அவன் பசைக் குழாயின் மூடியைத் தேடினான். அது அவன் கையிலேயே இருந்தது.

போன வாரம் ஒரு சக்கரத்தை எடுத்துச் சட்டைப் பையில் ஒளித்தான்.

அவள் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினாள். மேஜைக்கடியில் தவழ்ந்து தேடினாள். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் தொலைச்சிட்டேன். எல்லாமே என்னாலதான்."

எல்லாமே.

நாற்காலிக்குப் பின்னால் குனிந்து, அங்கே கிடந்ததைப் போல அதை எடுத்துக் கொடுத்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே ஒட்டினாள்.

பெயிண்ட் வாங்கும்போதும் கேட்டுப் பார்த்தான். "சீக்கிரம் காயாதது ஏதாவது இருக்கா?"

கடைக்காரர் சிரித்தார். "எல்லாரும் சீக்கிரம் காயறதைத்தான் சார் கேப்பாங்க. குழந்தைங்களுக்குன்னா இதான். அடிச்ச கையோட காஞ்சிடும்."

வெள்ளை காய்ந்தாயிற்று. நீலமும் காய்ந்துகொண்டிருந்தது. தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றது.

"முடிஞ்சிருச்சுப்பா!"

அவள் எட்டி நின்று பார்த்தாள். அவனும் பார்த்தான். அழகாகத்தான் இருந்தது. தூக்கித் தரையில் அடிக்க வேண்டும் போலிருந்தது. அடித்துவிட்டு, முதலிலிருந்து.

"இன்னொரு கோட் அடிக்கலாமா சுடர்?" "அடியில பாரு. அங்க சரியாப் படலை. அங்கயும் படலை."

அவள் குனிந்து பார்த்தாள். எல்லா இடத்திலும் பட்டிருந்தது.

நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவளிடமிருந்த சிரிப்பு போய்விட்டது.

"சார், டைம் ஆச்சு," என்றார் சுலோச்சனா மேடம். "அவங்கம்மா கீழ வந்து நிக்கிறாங்க."

அவன் எழுந்திருக்கவில்லை. "கொஞ்ச நேரம் மேடம். கொஞ்சமே கொஞ்ச நேரம்."

"எல்லாரும் இதைத்தான் சார் கேக்கிறாங்க. நான் என்ன பண்றது? பிளேனை எடுத்துக் குடுங்க, பாப்பா கொண்டுபோகட்டும்."

சுடர் சட்டென்று கட்டை விரலை இறக்கையில் வைத்து அழுத்தினாள். பலம் கொண்ட மட்டும் அழுத்தினாள்.

எடுத்தாள்.

இறக்கையில் தடம் இல்லை. விரலில் நீலம் இல்லை.

விரலை உள்ளங்கைக்குள் மடக்கி மூடிக்கொண்டாள்.

"இன்னும் காயலை ஆன்ட்டி. எடுத்தா கையில ஒட்டிக்கும்."

மேஜை மேலிருந்த போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது.

சுலோச்சனா மேடம் அதை எடுக்கவில்லை. சுடரின் மூடிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார்.