ஜாம்பி வராத இடம்

"ஜாம்பி வந்தா தண்ணி டேங்க் மேல ஏறி ஒளிஞ்சா சோத்துக்கு என்னடி பண்ணுவ?" என்று போனில் கேட்டாள் சித்ராதேவி.

"அப்ப நம்ம வீட்லயே இருந்துக்கிறேன்."

"நம்ம வீட்டுக் கதவுக்குத் தாப்பாளே இல்ல. ஜாம்பி என்ன, கேட்டுட்டா உள்ள வரும்?"

"நீயே ஒரு எடம் சொல்லுக்கா." உசிலம்பட்டியில் மூன்றாம் வகுப்பு படிக்கும் தங்கை அபிராமி, நேற்றுதான் ஜாம்பிப் படம் பார்த்திருந்தாள்.

"எனக்கு ஒரு எடம் தெரியும். ரெண்டு ஆள் உயரத்துக்குச் சுவரு, அதுக்கு மேல கண்ணாடிச் சில்லு. ஒரே கேட்டு. வாட்ச்மேன் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிக்குவாரு. சோறும் உள்ளயே போட்ருவாங்க."

"ஜாம்பி வராதா?"

"யாருமே வர முடியாது."

"எங்கக்கா இருக்கு?"

"பல்லடம் பக்கத்துல. நான் வேலை பாக்குற மில்லு ஹாஸ்டல்தான்டி."

அபிராமி சிரித்தாள். "பொய் சொல்லாத. போன ஞாயித்துக்கிழமை அம்மா அங்க வந்து உன்னப் பாத்துச்சுல்ல? நீ நல்லா சதை போட்டுட்டன்னு சொல்லுச்சே."

சித்ராதேவி அம்மாவைப் பார்த்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அம்மா கேட் வரை வந்து, உள்ளே விடாததால் திரும்பியதை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

"பத்து நிமிஷம் ஆச்சு கண்ணு, போனைக் குடு" என்று வார்டன் கையை நீட்டினார்.

"ஆமாடி, வந்துச்சு. ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தோம்" என்றாள் சித்ராதேவி.

"அப்ப ஜாம்பி வந்தா நானும் அம்மாவும் அங்கயே வந்துர்றோம். எங்களுக்குக் கேட்டைத் தொறந்துருவாங்கல்லக்கா?"