அவர் கட்டிய வீடு

மெக்கானிக் சோபாவை இழுத்துச் சுவரோரம் தள்ளினார். முன்னறையில் பெட்டி வைக்க இடம் வேண்டும். போர் முடிந்து பல வருடங்கள் கழித்து இப்போதுதான், அதில் காணாமல் போன சிப்பாயின் எலும்புகள் கிடைத்து, அவருடையவைதான் என்று உறுதியாகியிருந்தது. ராணுவ வண்டி கிளம்பிவிட்டதாக போன் வந்துவிட்டது.

“வீட்டுக்குள்ள எதுக்குங்க? நேரா இடுகாட்டுக்கே கொண்டு போயிடலாம்” என்றாள் மனைவி.

“அவர் பார்த்துப் பார்த்துக் கட்டின வீடும்மா இது. உள்ளே வராமப் போனா நல்லாவா இருக்கும்?”

“பார்க்கறவங்க நாலு விதமாப் பேசுவாங்க.”

“பேசிட்டுப் போகட்டும். நீ அந்தப் பக்கம் பிடி.”

இருவருமாக மேசையைத் தூக்கி நடுவில் போட்டார்கள்.

வண்டி வந்தது. சிப்பாய்களோடு மெக்கானிக்கும் ஒரு கை கொடுத்துப் பெட்டியை உள்ளே கொண்டுவந்தார். மேசைமேல் வைத்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.

கூட வந்த அதிகாரி மெல்ல அவர் தோளைத் தொட்டார். “கூடப் பிறந்தவரா?”

“இல்லீங்க. அவரை நான் பார்த்ததே இல்லை.” மெக்கானிக் மனைவியைக் காட்டினார். “இவ அவரோட சம்சாரம். அவர் திரும்ப மாட்டார்னு ஆன பிறகு நான் கட்டிக்கிட்டேன்.”

அவள் சமையலறை வாசலிலேயே நின்றிருந்தாள். அவர் அருகில் போய்த் தணிந்த குரலில் சொன்னார்.

“போய்ப் பக்கத்துல உட்காரு. எனக்காக யோசிக்காதே, வாய்விட்டு அழு. வர்றவங்களை நான் வெளியில நின்னு கவனிச்சுக்கறேன்.”