நாலு சுவர் சாட்சி

"மெல்ல, தம்பி! டேப்பை அப்பிடி இழுத்துக் கிழிச்சால் வீடே அதிருது."

மாமியார் நாகபூசணி குசினி வாசலில் நின்று கிசுகிசுத்தார். நிரோஜன் டேப்பைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பெட்டியை ஒட்டினான். உள்ளே எல்லாம் வரலாற்றுப் புத்தகங்கள். அவன் பள்ளிக்கூடத்தில் கற்பிப்பது அதுதான்.

அவன் மனைவி கஜந்தியின் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து கிழமைகள் ஆகியும் சிட்னியின் அந்த லிட்கம் வீட்டில் யாரும் உரத்துப் பேசுவதில்லை. டிவி ஊமையாக ஓடியது. அழைப்பு மணியின் பற்றரியை மாமனார் தருமராசா கழற்றி வைத்திருந்தார்.

"உம்மட கூட்டாளி அருந்தவன் எப்ப வானோட வாறான்?" என்று கேட்டார் அவர்.

"இப்ப வந்திடுவான், மாமா."

"ஹோர்ன் அடிக்கவேண்டாம் எண்டு சொன்னனீரோ?"

"சொன்னனான்."

"சொன்னால் கேக்கிற ஆளோ அவன்? உம்மட கலியாணத்திலயே கோயில் வாசல்ல நிண்டு அடிச்சவன்."

நிரோஜன் சிரிக்கவில்லை. மெல்பேர்ண், பொயிண்ட் குக்கில் ஒரு பள்ளிக்கூடம் அவனுக்கு வேலை கொடுத்திருந்தது. தனியாக ஒரு அறையும் பார்த்துவிட்டான்.

"வீட்டை உங்கட பேருக்கு மாத்தச் சொல்லி லோயரிட்டச் சொல்லிட்டன்," என்றான்.

"உம்மளை ஆர் கேட்டது?"

"நீங்கள் கஜந்திக்குச் சீதனமாக் குடுத்த வீடு, மாமா. அவ இல்லை. இனி எனக்கு இதில என்ன இருக்கு? எனக்கு வைச்சுப் பாக்கவும் தெரியாது. உங்கட கையில இருந்தால்தான் எல்லாத்துக்கும் நல்லது."

"சிட்னியில இருந்துகொண்டு சீதனக் கதை கதைக்கிறீர்."

"பழைய இங்கிலாந்திலயும் சட்டம் இதுதான்."

நாகபூசணி தேநீர்க் கோப்பையைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தார். அவனை எப்படியாவது மறிக்கவேண்டும். அழுது மறித்துப் பார்த்தாயிற்று. வரலாற்றைத் தொடக்கிவிட்டால் இவன் பெட்டியை மறந்துவிடுவான் என்பது கஜந்தி சொல்லித் தெரியும்.

"அதென்ன சட்டம்? சொல்லுங்கோ பாப்பம்."

"அங்க காணி முழுக்க ராசாவின்ர. மற்ற ஆக்கள் ஏதாவது ஊழியம் செய்து அதை வைச்சிருக்கிறது. ஒருத்தர் சண்டைக்குப் போவார். இன்னொருத்தருக்கு, ராசா கப்பல்ல போகேக்க வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுத்தால் தலையைப் பிடிக்கிற ஊழியம்."

"சும்மா போங்கோ!"

"உண்மை, மாமி. அதுக்கெண்டே ஒரு காணி."

"அப்பிடியெண்டால் புளூ மவுண்டன் போய் வாற வழியெல்லாம் நான் இவரின்ர தலையைப் பிடிச்சதுக்கு ஒரு ஊரே எழுதித் தரவேணும்."

"அது மலை ரோட்டின்ர பிழை," என்றார் தருமராசா. "உம்மட ஊழியம் என்ன, தம்பி? கிழமைக்கு ஒருக்காக் குப்பை வாளியை வெளிய வைக்கிறது. அதுக்கும் நான் ஞாபகப்படுத்தவேணும்."

நிரோஜனின் வாயோரம் லேசாக அசைந்தது. பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"காணி வைச்சிருந்த ஆள் செத்தால் ராசாவின்ர அதிகாரி வருவார். ஊர் ஆம்பிளையளைக் கூட்டி, சத்தியம் வாங்கி விசாரிப்பார். காணி ஆர் பக்கத்தால வந்தது? என்ன ஊழியம்? அடுத்த உரிமைக்காரர் ஆர்?"

"கண்ணீர் காய முதலோ?"

"ஓம். பெண்சாதி பக்கத்தால வந்த காணியெண்டால், அவ போனவுடன புருசன் வெளிக்கிட வேண்டியதுதான்."

"ஒரு விலக்கும் இல்லையோ?"

நிரோஜன் தேநீரைப் பார்த்தான்.

"ஒண்டு இருக்கு. அது வேண்டாம், மாமி."

"பள்ளிக்கூடத்திலயும் இப்பிடி அரைவாசிதான் படிப்பிக்கிறனீரோ?" என்றார் தருமராசா.

அது வேலை செய்தது.

"அவவுக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது அழுத சத்தம் நாலு சுவருக்குள்ள கேட்டிருந்தால் போதும். புருசன் சாகும்வரைக்கும் அந்தக் காணியில இருக்கலாம். ஒருத்தரும் எழுப்பேலாது."

"அழுததுக்கு ஆர் சாட்சி?"

"பிள்ளை பெறுற அறைக்குள்ள ஆம்பிளையளை விடமாட்டினம். அதால சுவருக்கு வெளிய நிண்டு காதால கேட்ட ஆம்பிளையள்தான் சாட்சி."

நாகபூசணி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். தருமராசா ஊமை டிவியைப் பார்த்தார்.

"அதெல்லாம் அந்தக் காலம்," என்று நிரோஜன் எழுந்தான். பெட்டியைத் தூக்கினான். "போட்டு வாறன், மாமி."

தெருவில் வான் வந்து நின்றது. அருந்தவன் ஹோர்னை அழுத்தினான். நீளமாக. பிறகு, கேட்காமல் போயிருக்குமோ என்று இன்னொரு முறை.

மூவரும் அப்படியே உறைந்தார்கள்.

காலை முழுக்க மூவரும் கிசுகிசுத்துக் காத்த தூக்கம் கலைந்து, பின்னறையிலிருந்து ஒரு வீறிடல் எழுந்தது. தருமராசா சத்தியம் செய்பவர் போல வலது கையைத் தூக்கினார்.

"சுவருக்கு இஞ்சால நிண்டு என்ர காதால கேட்டனான்."

நாகபூசணி அவன் கையிலிருந்த பெட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டுப் பால் போத்தலைத் திணித்தார்.

"காணி உங்களுக்குத்தான், தம்பி. போய் உங்கட ஊழியத்தைச் செய்யுங்கோ. பிஞ்சுக் கழுத்து, உங்கட மகளின்ர தலையை வடிவாப் பிடிச்சுத் தூக்குங்கோ."